டானூப் கொண்டான்

வாசுதேவன் தன் மகளின் பால்பல்லை ஃபிலிம் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பட்டுத்துணியில் சுற்றி, துணியை லாப்டாப் பைக்குள் பத்திரப்படுத்தி எடுத்து வந்திருந்தார். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று இரண்டு கையாலும் அதை அவர் நீட்டிய விதத்தைப் பார்த்த சஜிதாவுக்கு, கண்டியில் புத்தருடைய பல்லைச் சுமந்துபோகிற யானைகூட இவ்வளவு பவ்வியமாக நடக்காதே என்று பட்டது.

"கன்ட்ரோல் சாம்பிள், ஒப்பிட்டுப் பாக்க," என்றார் அவர். "பியூர் கும்பகோணம்மா. அப்பா வழி, அம்மா வழி, ரெண்டு பக்கமும் பதினாலு தலைமுறை. ஒரு சொட்டு கலப்பு கிடையாது."

"நீங்கள் சொல்லுறதைக் கேட்டா நெய் விக்கிற மாதிரிக் கிடக்கு, அண்ணா."

வாசுதேவன் சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கு நேரமும் இல்லை. ஈசார்க்கரை முத்தமிழ் மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஆறு வாரமே இருந்தது. மென்பொருள் வேலைக்காக, ஈசார் ஆறு ஓடும் மியூனிக் நகருக்கு வந்து சேர்ந்த நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களின் மன்றம் அது; அவர் அதன் செயலாளர். விழாவில் 'டானூப் கரையில் நம் முன்னோர்' என்ற தலைப்பில் அவர் ஆய்வுரை ஆற்றப் போகிறார். உரை முடிந்ததும், சென்னையிலிருந்து வரும் ஒரு முன்னாள் துணைவேந்தர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி 'டானூப் கொண்டான்' என்ற பட்டத்தை வழங்குவார். கங்கைக்குப் படை அனுப்பிய சோழனுக்கு ஒரு பட்டம் உண்டென்றால், டானூபுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி ஆறு வருடமாகக் குப்பையைத் தரம்பிரித்துப் போடுகிறவருக்கு ஒன்று இருக்கக்கூடாதா? பட்டத்தை முன்மொழிந்தவர் அவரேதான். செயற்குழு அதை விவாதித்தபோது அடக்கத்தின் காரணமாக அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். கதவை மட்டும் சாத்தவில்லை. கேடயத்தில் எழுத்து வெட்டியாகிவிட்டது. ஆதாரம்தான் பாக்கி.

இதற்கெல்லாம் விதை போட்டவள் சஜிதா. அவளுக்கு இருபத்தேழு வயது. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து தாய் தகப்பனோடு அகதியாக வந்தவள், இப்போது மியூனிக்கில் பற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஸ்ட்ராபிங் ஊருக்குப் பக்கத்தில், டானூப் ஓரத்துக் கோதுமை வயலொன்றில், நாற்பத்தொரு கல்லறைகளைத் தோண்டியிருந்தார்கள். நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழையவை. தலைகீழாக நிறுத்திய மணி போன்ற குவளைகள் அவற்றில் கிடைத்ததால் ஆய்வாளர்கள் அந்த ஆட்களுக்கு மணிக்குவளை மக்கள் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்களோ, கேட்க ஆளில்லை. அதே குவளை ஸ்பெயினிலும் இருக்கிறது, ஹங்கேரியிலும் இருக்கிறது. அப்படியென்றால் எல்லோரும் ஒரே இனமா? ஊர் ஊராக நடந்து வந்தவர்களா? இல்லை, பக்கத்து வீட்டில் பார்த்து ஆசைப்பட்டுச் செய்துகொண்ட குவளையா? வீட்டில் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று யாராவது சொல்வார்களா? குவளை இதற்குப் பதில் சொல்லாது. பல் சொல்லும்.

குழந்தைக்குப் பல் உருவாகிற காலத்தில், அந்த ஊர் மண்ணிலிருந்து தண்ணீர் வழியாகவும் காய்கறி வழியாகவும் ஸ்ட்ரோன்சியம் என்ற ஒரு பொருள் வந்து பல்லின் மேற்பூச்சில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு ஆள் எங்கே போய் வாழ்ந்தாலும், எந்த மொழி பேசினாலும், எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் அது மாறுவதில்லை. பாறைக்குப் பாறை அதன் எண் வேறு. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் உலகத்துக்கே பொது. சங்கதி எல்லாம் மூன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கும்.

இதைத்தான் சஜிதா தை மாதம் மன்றத்துப் பொங்கல் விழாவில் பதினைந்து நிமிடம் பேசினாள். பேச்சின் நடுவில் வாய் தவறி, அந்தக் கல்லறைகளில் பெண்களைத் தெற்கே தலைவைத்தும் ஆண்களை வடக்கே தலைவைத்தும் புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். முதல் வரிசையில் வாசுதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெற்கே தலை! நம்ம வழக்கம்!"

"பொம்பிளையளுக்கு மட்டும்தான், அண்ணா. ஆம்பிளையள் வடக்க."

வடக்கே தலைவைக்கிற தமிழன் உண்டா? வாசுதேவன் அரை நிமிடம் கண்ணை மூடினார். "கரெக்ட். அப்போ பொண்ணுங்க நம்மவங்க. ஆம்பளைங்க வீட்டோட மாப்பிள்ளைங்க."

அன்றிலிருந்து தொடங்கியது. அவருக்கு முன்பிருந்த செயலாளர் ஆற்றுப் பெயர்களையும் தமிழ்ச் சொற்களையும் பக்கம் பக்கமாக அடுக்கி மலர் போட்டவர். வாசுதேவனுக்கு அது பிடிக்காது. "அதெல்லாம் எயிட்டீஸ். இப்போ டேட்டா பேசணும்," என்பார். அந்த டேட்டாதான் ஃபிலிம் டப்பாவில் வந்திருந்தது.

சஜிதா மறுத்தாள். அவளுடைய பேராசிரியரின் பதிவுப் புத்தகத்தில் அனுமதி எழுதாத எதுவும் அந்த எண்ணை அளக்கும் மெஷினுக்குள் போகக்கூடாது. போன வருடம் ஒருவன் தன் நாய்ப் பல்லைப் போட்டுப் பார்த்தான்; அடுத்த வாரம் நாயும் அவனும் வேறு ஊரில் இருந்தார்கள். நாலு வருட உழைப்பை ஒரு பால்பல்லுக்காகத் தொலைக்க அவளுக்கு மனமில்லை.

வாசுதேவன் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு கதவு மூடினால் அடுத்த கதவில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய தொழில். அன்று மாலையே சஜிதாவின் அப்பா குணசேகரத்துக்குப் போன் போனது.

குணசேகரம் ஹோட்டல்களுக்கு வெளுத்த விரிப்புகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக மியூனிக்கில் இருக்கிறார். மன்றத்து விழாக்களுக்கு மடக்கு மேசையும் வடையும் அவருடைய வேனில்தான் வந்து இறங்கும். அதனால் மன்றத்தில் அவருக்குப் பெயர் 'வடை அண்ணன்'. குணசேகரம் என்று ஒரு பெயர் இருப்பது அங்கே யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"பிள்ளை, அவர் என்னைச் சார் எண்டு கூப்பிட்டவர்," என்றார் குணசேகரம், சாப்பாட்டு மேசையில். "குணசேகரம் சார் எண்டு. ரெண்டு தரம்."

"அப்பா, ஏலாது. புரொபசருக்குத் தெரிஞ்சா என்ர இடமே போயிடும்."

"முன்வரிசையில கதிரை போட்டு, பேர் எழுதி வைப்பினமாம். வாற பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில."

"ஒரு கதிரைக்காண்டியோ?"

"கதிரை எங்கட வேனில வாற கதிரைதான்," என்று ஒத்துக்கொண்டார் அவர். "ஆனா அதில நான் ஒருநாளும் இருக்கேல்லை, பார்."

சஜிதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் நடந்ததற்கு அப்பாவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. விழாவுக்கு முந்தின வாரத்து வியாழக்கிழமை அவளுக்கு மெஷினில் முறை இருந்தது. மெஷினின் சக்கரத்தில் இருபத்தொரு இடம். இருபதில் செத்துப்போன டானூப்காரர்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று காலி. நாலு வருடத்தில் எத்தனையோ பேருடைய பல்லை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு தமிழ்ப் பல்லைப் பார்த்ததில்லை. அது என்ன சொல்லும்? காவேரி கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் உலகத்தின் மிகப் பழைய பாறைகளின் பொடி. எண் எங்கேயோ உயரத்தில் நிற்கவேண்டும். நிற்குமா? பார்க்காமல் இருக்க முடியுமா? முடியாது என்று காலி இடமே சொன்னது.

படிவத்தை அவள் ஒழுங்காகத்தான் நிரப்பச் சொல்லியிருந்தாள். பெயர்: மதுமதி. வயது: ஏழு. எந்த ஊர் என்ற கட்டத்தில் வாசுதேவன் பேனா தயங்காமல் 'கும்பகோணம்' என்று எழுதினார்.

எண் வந்தபோது சஜிதா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். உயரத்தில் நிற்கவேண்டிய எண் இறங்கி வந்து, ஸ்ட்ராபிங் வயல்காரர்கள் கொத்தாக நிற்கும் இடத்தின் நட்டநடுவில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்வதுபோல உட்கார்ந்திருந்தது. அமிலப் புட்டிகளை எல்லாம் மாற்றிக் கழுவி, மிச்சமிருந்த பாதிப் பல்லையும் பொடித்து மறுபடி ஓட்டினாள். பல் தீர்ந்தது. எண் அசையவில்லை.

இங்கேதான் அவள் பெரிய தவறைச் செய்தாள். வாசுதேவனுக்குப் போன் எடுத்தாள்.

"பொருந்துது, அண்ணா. ஆனா அதுக்கு அர்த்தம் ஒரே இனம் எண்டில்லை. ஆனா இதே எண் வாற இடம் உலகத்தில ஆயிரம் கிடக்கு. ஆனா இந்தக் காலத்துப் பல்லை அந்தக் காலத்துப் பல்லோட ஒப்பிடவே ஏலாது. ஆனா..."

வாசுதேவன் பதினைந்து வருடம் கான்ஃபரன்ஸ் காலில் வாழ்ந்தவர். 'பொருந்துகிறது' என்ற சொல் காதில் விழுந்ததும் மீதியை ம்யூட்டில் போட்டுவிட்டு மினிட்ஸ் எழுதத் தொடங்கிவிடுவார். அரைமணி நேரத்தில் நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும் மின்னஞ்சல் பறந்தது. 'டானூப் கரையில் தமிழரே! மியூனிக் ஆய்வுக்கூடம் உறுதி! நிரூபித்தவர் நம் இளம் விஞ்ஞானி, குணசேகரம் சாரின் புதல்வி சஜிதா!' கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: சனிக்கிழமை விழா மேடையில் இதே செய்தி ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வெளியிடப்பட்டு, திங்கள் காலை ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பப்படும்.

சஜிதா அந்தச் சின்ன எழுத்தை மூன்று முறை படித்தாள். திங்கள் காலை பேராசிரியர் அதைப் படிப்பார். அதற்குமேல் படிக்க அவளுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

போன் பண்ணினால், "கிரெடிட் முழுக்க உனக்குத்தாம்மா, ஏன் பயப்படறே?" என்றார் வாசுதேவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் நேரே அவர் வீட்டுக்கே போனாள். அவர் இல்லை, புரொஜெக்டரைச் சரிபார்க்க மண்டபத்துக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி சியாமளா. மூக்குக்கண்ணாடிக் கடையில் பகுதிநேர வேலை பார்ப்பவள். மன்றத்து விழாக்களுக்கெல்லாம் அவள்தான் நிகழ்ச்சித் தொகுப்பு. அவள் கையில் ஒரு தகர டப்பா இருந்தது.

"நீதானா அந்தப் பல் திருடி? உள்ள வா."

சஜிதாவை உட்காரவைத்து, டப்பாவை அவள் முகத்துக்கு நேரே குலுக்கினாள். "அஞ்சு இருந்துது. இப்போ நாலு. மதுமதி டெய்லி எண்ணுவா. டிசம்பர்ல ஊருக்குப் போறோம், மாமியார் வீட்டுக் கூரை மேல எறியணும்னு சேத்து வச்சிருக்கேன். இங்க எங்க எறியறது? ஆறாவது மாடி. ஒரு தடவை பால்கனியிலேர்ந்து மேல எறிஞ்சேன், கீழ் வீட்டுக்காரர் பூத்தொட்டியில விழுந்துடுச்சு. அவர் அதை ஒரு கவர்ல போட்டு, 'உங்கள் பல்'னு எழுதி, தபால் பெட்டியில போட்டார். சரி, எப்ப திருப்பித் தருவே?"

"அக்கா, அதைப் பொடியாக்கிப்போட்டன்."

சியாமளா டப்பாவைக் கீழே வைத்தாள். "பொடியாவா?"

"முழுக்க."

"அவர் என்கிட்ட 'ஸ்கேன் பண்ணுவாங்க'ன்னு சொன்னார்." ஒரு கணம் யோசித்தாள். "கூரையில பொடியைத் தூவினா பல் முளைக்குமா?"

"புதுப் பல்லு ஏற்கெனவே முளைச்சிட்டுதுதானே, அக்கா."

"அதுவும் சரி," என்று சியாமளா டீ போட எழுந்தாள். சஜிதா பின்னாலேயே சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு, உறுத்திக்கொண்டிருந்ததையும் கேட்டாள்.

"எனக்கு விளங்காத விஷயம் அந்த எண்தான். கும்பகோணத்துப் பல்லு இப்பிடி வர ஏலாது."

"யார் சொன்னா கும்பகோணத்துப் பல்லுன்னு?"

"அண்ணாதான். எந்த ஊர் எண்ட இடத்தில எழுதினவர்."

"அவர்கிட்ட எந்த ஊர்னு கேட்டா வேற எதை எழுதுவார்? மதுமதி கும்பகோணத்தைப் பார்த்ததே ரெண்டு லீவுல. அதுல பாதி நாள் வாந்தி."

சஜிதாவுக்குக் காது சூடாயிற்று. ஒரு தமிழரிடம் எந்த ஊர் என்று கேட்டால், பிறந்த ஊரையோ வளர்ந்த ஊரையோ படுத்தெழும்புகிற ஊரையோ சொல்வார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தாத்தா பெயரில் ஒரு வீடு இருந்து இடிந்த ஊரைச் சொல்வார். உலகத்தில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே பல் ஆய்வாளர் அவள்தான். அவளிடம் யாராவது கேட்டால் இன்றைக்கும் 'அளவெட்டி' என்றுதானே சொல்கிறாள்? அங்கே அவளுக்கு ஞாபகமிருப்பது ஒரு கிணற்றடியும் ஒரு சிவப்புச் சைக்கிளும்.

"அப்ப மதுமதி எங்க பிறந்தவ?"

"ரேகன்ஸ்பூர்க்ல. ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்தா டானூப்." சியாமளா டீயை ஆற்றினாள், தேவைக்கு அதிகமாகவே. "ஏழாம் மாசம் வளைகாப்புக்கு அம்மா வீட்டுக்குப் போக டிக்கெட் போட்டாச்சு. தொண்ணூத்தொம்பது. ஜனவரி ஒண்ணாந்தேதி உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்னுடும்னு பயந்துட்டு இருந்தாங்களே, அந்த வருஷம். இவர் சீட்ல இல்லேன்னா அங்க இவர் வேலை பார்த்த ஃபேக்டரியே நின்னுடும்னு இவருக்கு நினைப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளி எட்டாம் மாசம் ஆயிடுச்சு. டாக்டர் ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. ஜனவரி ஒண்ணாந்தேதி என்ன நின்னுது தெரியுமா? எங்க வீட்டு மிக்ஸி."

சஜிதா சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முன் பால்பல் தாய் வயிற்றிலேயே, நாலாம் மாதம் போல உருவாகத் தொடங்குகிறது. ரேகன்ஸ்பூர்க் தண்ணீர் என்றால் எண் அந்தப் பக்கம் சாயும், சரி. ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிச் சாப்பிடுகிற கர்ப்பிணி, ஸ்பெயின் தக்காளி, எகிப்து உருளைக்கிழங்கு, இந்தியக் கடையரிசி என்று பத்து நாட்டைக் கலந்தல்லவா சாப்பிடுவாள்? எண் அங்குமிங்குமாகத் தடுமாற வேண்டும். இது வயலின் மண்ணை அள்ளிவைத்ததுபோல அப்படியே நின்றது.

"அக்கா, அந்த நேரம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"எல்லாரும் சாப்பிடறதுதான்."

"இல்லை அக்கா. ஏதோ ஒண்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறியள். இங்கத்தைச் சாமான்."

சியாமளா அவளைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். வீட்டில் வேறு யாருமே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

"மண்ணு."

"என்ன?"

"மண்ணு தின்னேன். மசக்கை. எங்கம்மா வீட்ல இருந்திருந்தா மாங்காய், புளின்னு ஆளாளுக்குக் கொண்டுவந்து குடுத்திருப்பாங்க. அங்க யார் இருக்கா? சனிக்கிழமை சந்தைக்கு ஒரு விவசாயப் பொம்பளை வருவா, தலையில ஸ்கார்ஃப் கட்டிட்டு. ஸ்ட்ராபிங் பக்கத்துலேர்ந்துதான் வருவா. கேரட்டைத் தோண்டின மண்ணோட அப்படியே விப்பா. ஒருநாள் பையைத் திறந்தேன் பாரு, அந்த வாசனை! கேரட்டை விட்டுட்டேன். மண்ணைச் சுரண்டிச் சுரண்டி... அப்புறம் வாரம் தவறாம. மூணு கிலோ கேரட் வாங்குவேன். இவர், 'கேரட் கண்ணுக்கு நல்லது, சாப்பிடு சாப்பிடு'ன்னு சந்தோஷப்படுவார். கேரட் முழுக்க அவர்தான் சாப்பிட்டார்."

"அண்ணாட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னா மினிட்ஸ்ல எழுதிடுவார்."

சஜிதா சிரிக்கத் தொடங்கினாள். சியாமளாவும் தொடங்கினாள். சிரித்து முடித்து கண்ணைத் துடைக்கும்போது, சஜிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பதினேழாம் கல்லறை. அதில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை. பெண்ணின் பல் எங்கேயோ மலைப்பக்கத்து எண்ணைக் காட்டியது. கல்யாணமாகி வந்தவளாக இருக்கலாம். குழந்தையின் எண் வயல் மண்ணோடு சொல்லிவைத்ததுபோலப் பொருந்தியது. தாய் வெளியூர்க்காரி, வந்து கொஞ்ச நாள்தான் என்றால் குழந்தைக்கு எப்படி இவ்வளவு சுத்தமான உள்ளூர் எண்? இரண்டு வருடமாக அதற்குப் பதில் தெரியாமல், ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருந்தாள். அவளுக்கும் தாய்வீடு தூரமோ? அவளும் கிழங்கைத் தள்ளிவிட்டு...?

"அக்கா, எத்தினையாம் மாசத்தில தொடங்கினது?"

"ஏய், நோட்டையெல்லாம் எடுக்காதே!" என்று சியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, "உங்க புரொபசர் அந்தச் செய்தியைப் படிச்சா உன் படிப்பு போயிடும், இல்லே?" என்றாள்.

"ஓம்."

"இவர்கிட்ட வீட்ல பேசிப் பிரயோஜனமில்லை. ஸ்லைடு அறுபத்துநாலு பண்ணிட்டார். ஸ்லைடுல போட்டதை மாத்தறது அவருக்கு உசிரை விடற மாதிரி." டீ டம்ளர்களைக் கழுவி வைத்தாள். "நாளைக்கு மேடையில ரெண்டு மைக் இருக்கும். ஒண்ணுதான் அவருது."

சனிக்கிழமை பின்னேரம், ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் விழா. முன்வரிசையில் துணைவேந்தர், அவருக்குப் பக்கத்தில் 'திரு. குணசேகரம்' என்று கணினியில் அச்சடித்த அட்டை ஒட்டிய நாற்காலி. குணசேகரம் கோட் போட்டு, நாற்காலியின் முன்விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தார். முழுதாகச் சாய்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்ற யோசனை. வடையை அன்றைக்கும் அவர்தான் கொண்டுவந்து இறக்கினார், கோட் போடுவதற்கு முன்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஏழெட்டு, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். சஜிதா சுவரோரம் நின்றாள். 

வாசுதேவன் நாற்பது நிமிடத்தில் பனியுகத்தைத் தாண்டி மணிக்குவளைக்கு வந்தார். துணைவேந்தர் பனியுகத்திலேயே தூங்கிவிட்டார். அறுபத்து மூன்றாம் ஸ்லைடில் ஒரு பல் தோன்றியது, கோபுரம் அளவுக்கு.

"இது ஒரு தமிழ்ப் பல்!" வாசுதேவன் குரல் தழுதழுத்தது. "கும்பகோணத்துப் பல்! நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடி டானூப் கரையில வாழ்ந்தவங்க பல்லோட இது அணு பிசகாமப் பொருந்துது. இதை நிரூபிச்ச..."

"ஒரு நிமிஷங்க," என்றது இரண்டாவது மைக்.

மண்டபம் திரும்பியது. சியாமளா நிகழ்ச்சி நிரல் அட்டையைக் கையில் பிடித்தபடி, அடுத்த நடனத்தை அறிவிக்கிற அதே சிரித்த முகத்தோடு நின்றாள்.

"சபைக்குச் சின்னத் திருத்தம். அது எங்க மதுமதி பல்லு. அவ பிறந்தது ரேகன்ஸ்பூர்க். என்னைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பலை."

"சியாமளா, அது இப்போ ரெலவன்ட் இல்லை," என்றார் வாசுதேவன், மைக்கை மூட மறந்து.

"பல்லுக்கு அதுதாங்க ரெலவன்ட். அது டானூப் மண்ணோட பொருந்துதுன்னா, நான் டானூப் மண்ணைத் தின்னேன். மசக்கையில. உங்களுக்குக் கேரட் குடுத்துட்டு மண்ணை நான் தின்னேன். அந்தக் காலத்து ஆளுங்க தமிழங்கன்னு இந்தப் பல் சொல்லலை. மதுமதி இந்த ஊர்க்காரின்னு சொல்லுது. இதுக்கு எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்."

 கடைசி வரிசையிலிருந்து, ஏழு பிள்ளைக்காரி றீற்றா அக்காவின் குரல் மைக் இல்லாமலே முன்வரிசைக்கு வந்தது: "மண்ணோ? நான் என்ர மகன் யூட் வயித்தில இருக்கேக்க அடுப்புச் சாம்பல் திண்டனான், பிள்ளை! இவர் எலி திண்டுட்டுது எண்டு பொறி வைச்சவர்!"

அவ்வளவுதான். நடுவரிசையில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த ஓர் எஞ்சினியரின் மனைவி எழுந்து, தான் பச்சரிசியோடு நிறுத்திக்கொண்டதாகச் சொன்னாள். அவள் நாத்தனார் அது பொய் என்றும், ஸ்லேட்டுக் குச்சி மூன்று டப்பா என்றும் அங்கேயே திருத்தினாள். எழுபது வயது வனஜா மாமி, செங்கல்லில் தண்ணீர் தெளித்து முகர்ந்து முகர்ந்து கடைசியில் கடித்த கதையைத் தொடங்கினார். முன்வரிசைப் பெண்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டார்கள். கடைசி வரிசைப் பெண்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள். பத்து வருடமாகப் பொது நிகழ்ச்சி, கூட்டுப் பொங்கல், நல்லிணக்கக் குழு என்று மன்றம் என்னென்னவோ போட்டும் கலக்காத இரண்டு ஊர்த் தமிழர்களும், வயிற்றில் பிள்ளையோடு எதைத் தின்றோம் என்ற ஒரே விஷயத்தில் கலந்துபோனார்கள். இதைப் பதிவுசெய்ய எந்த மெஷினும் அங்கே இல்லை. ஆங்கிலச் செய்தியையும் ஜெர்மன் செய்தியையும் வாசுதேவன் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மனைவி மண் தின்ற விவரத்தை எந்த மொழியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது?

கைதட்டல் என்று நினைத்துத் துணைவேந்தர் விழித்துக்கொண்டார். விழித்தவர் எழுந்து பொன்னாடையைப் போர்த்தி, கேடயத்தையும் கொடுத்துவிட்டார். எழுத்து வெட்டிய கேடயத்தை என்னதான் செய்ய முடியும்? 'டானூப் கொண்டான்' அதை வாங்கிக்கொண்டு, கூட்டம் கலையும்போது இருவரிடம், பல்லை மட்டும் நம்பக்கூடாது என்று தான் முதலிலிருந்தே சொல்லிவந்ததாகச் சொன்னார். குணசேகரம் தன் நாற்காலியிலிருந்து பெயர் அட்டையைக் கிழியாமல் உரித்து, கோட் பையில் வைத்தார். பிறகு நாற்காலியை மடித்து வேனில் ஏற்றினார்.

செய்தி போகாவிட்டாலும் பதிவுப் புத்தகத்தில் ஓர் இடம் அதிகமாக ஓடியிருப்பதைப் பேராசிரியர் என்றைக்காவது பார்ப்பார். அவர் பார்த்துக் கேட்பதைவிடத் தானே போய்ச் சொல்வது மேல் என்று திங்கள் காலை சஜிதா அவர் அறைக் கதவைத் தட்டினாள். பல்லை, படிவத்தை, கும்பகோணத்தை, கேரட்டை, எல்லாவற்றையும் நின்றபடியே ஜெர்மனில் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கு மேடையிலேயே காலாவதியாகிவிட்டதால் மண்ணையும் சொன்னாள். பதினேழாம் கல்லறையைக் கடைசியில் சொன்னாள்.

பேராசிரியர் நரைத்த தலையை அசைக்காமல் கேட்டார். முடிந்ததும், மெஷின் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். சஜிதா வைத்தாள்.

"ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்," என்றார். சாவியை இழுப்பறையில் போட்டார். இழுப்பறையை மூடிய கை அப்படியே பென்சிலை எடுத்தது. "எந்த மாதத்திலிருந்து? பச்சையாகவா, காயவைத்தா? ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?"

 சஜிதா கைத்தொலைபேசியில் சியாமளாவைக் கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் சத்தம் கேட்டது.

"அக்கா, புரொபசர் கேக்கிறா. நாளுக்கு எத்தினை கரண்டி?"

"உங்க புரொபசர்கிட்ட சொல்லு," என்றாள் சியாமளா, "அளந்து திங்கறவளுக்குப் பேர் மசக்கைக்காரி இல்லேன்னு."

சஜிதா அதைத் தன்னால் முடிந்த ஜெர்மனில் சொன்னாள். மசக்கைக்கு அந்த மொழியில் சரியான சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். பேராசிரியர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிராமலே, தன் மசக்கைக்குக் கரும்பலகைச் சுண்ணாம்புக்கட்டி என்றார்.